எல்லை தாண்டி வந்த நாயனம்

(சித்தூரில் நடந்த சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் கூட்டங்களில் கூலி உயர்வு பற்றிப் பேசுவோம். ரேஷன் அட்டை பற்றிப் பேசுவோம். பிள்ளைகளின் சாதிச் சான்றிதழுக்காக அலைந்த கதையைப் பேசுவோம். இன்று நான் ஒரு நாயனக்காரரைப் பற்றிப் பேசப் போகிறேன். "வயிற்றுப் பாடே பெரும்பாடாக இருக்கிறது, வாத்தியப் பாடு எதற்கு?" என்று சில தோழர்கள் நினைக்கலாம். பொறுத்துக் கேளுங்கள். இதுவும் உழைப்பாளியின் கதைதான். மாநில எல்லையைத் தாண்டிப் போய், அன்னிய ஊரில் தொழில் கற்று, அந்த ஊரிலேயே தலை நிமிர்ந்து நின்ற ஒருவரின் கதை. அவர் பெயர் ஷேக் சின்ன மௌலானா.

கோடு நகர்ந்த கதை

சின்ன மௌலானா 1924ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் தேதி ஓங்கோலை அடுத்த கரவடி என்ற கிராமத்தில் பிறந்தார். தாய்மொழி தெலுங்கு. மதம் இசுலாம். குலத்தொழில் நாயனம்.

அவர் பிறந்தபோது கரவடியும் சென்னை மாகாணம், திருவரங்கமும் சென்னை மாகாணம். 1953 அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திர மாநிலம் பிரிந்தது. பிறகு அவர் திருவரங்கத்தில் குடியேறியபோது அது வேறு மாநிலம். ஆக, அவரும் நம்மைப் போல ஒரு குடிபெயர்ந்தவர். நாம் தெற்கிலிருந்து வடக்கே வந்தோம். அவர் வடக்கிலிருந்து தெற்கே போனார். அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தச் சித்தூர்க்காரர்களுக்குக் கோடு நகர்வது என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1911 வரை இது வட ஆற்காடு மாவட்டம். அந்த மாவட்டத்தின் தலைநகரமே சித்தூர்தான். 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று. சித்தூரும் திருப்பதியும் இந்தப் பக்கம் நின்றன. 2022 ஏப்ரலில் திருப்பதியும் தனி மாவட்டமாகி விட்டது. கோடு போடுகிறவர்கள் காகிதத்தின் மேல் போடுகிறார்கள். அது விழுவதோ மனிதர்களின் வீட்டு வாசலில். நகரியில் தறி ஓட்டுகிற குடும்பத்தில் அண்ணன் பிள்ளை தமிழில் படிக்கிறான், தம்பி பிள்ளை தெலுங்கில் படிக்கிறான். ஆனால் கல்யாணம் என்று வந்தால் இரண்டு பக்கமும் நாயனம் ஒன்றுதான். நாம் நாயனம் என்போம், அவர்கள் சன்னாயி என்பார்கள். நாம் தவில் என்போம், அவர்கள் டோலு என்பார்கள்.

பஞ்சு கொட்டியவர்களின் நாயனம்

ஆந்திராவில் தூதேகுலா என்று ஒரு சமூகம் உண்டு. தெலுங்கு பேசும் இசுலாமியர்கள். பஞ்சு கொட்டுவது அவர்களின் பழைய தொழில். குண்டூர், ஓங்கோல் பக்கம் அவர்களில் பல குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கோயில்களிலும் கல்யாணங்களிலும் நாயனம் வாசித்து வந்தன. சாமி புறப்பாட்டுக்கு முன்னால் வாசித்துக்கொண்டு போகிறவர் இசுலாமியர். அதை அந்த ஊர் மக்கள் அதிசயமாகப் பார்க்கவில்லை. நெல் அறுக்க ஒருவர், துணி நெய்ய ஒருவர் என்பது போல, நாயனம் வாசிக்க அவர் என்றே பார்த்தார்கள்.

அப்படி ஒரு குடும்பத்தில் பிறந்தவர் சின்ன மௌலானா. முதல் பாடம் தந்தையிடம். அடுத்து சிலகலூரிப்பேட்டை ஆதம் சாகிப்பிடம். சிலகலூரிப்பேட்டை அந்நாளில் நாயனத்துக்குப் பேர்போன ஊர். விரல் வேகத்திலும் மூச்சுப் பலத்திலும் தேறினார். அங்கேயே இருந்திருந்தால் நல்ல பிழைப்பு நடந்திருக்கும். கல்யாணம், திருவிழா என்று அழைப்புக்குக் குறைவிருந்திருக்காது.

ஆனால் அவர் காதில் வேறொரு நாயனம் விழுந்து விட்டது.

திருவாவடுதுறையிலிருந்து வந்த நாதம்

அந்த நாயனம் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையுடையது. 1898இல் திருமருகலில் பிறந்தவர். தாய்மாமன் நடேச பிள்ளையின் வளர்ப்பு. முதலில் வாய்ப்பாட்டுக் கற்றுக்கொண்டு, அதன் பிறகு நாயனம் எடுத்தவர். அதனால்தான் அவர் வாசிப்பது பாடுவது போலவே கேட்கும் என்று தெரிந்தவர்கள் சொல்வார்கள். ஒரே ராகத்தை நேரம் போவது தெரியாமல் விரித்துக்கொண்டே போவார். அவர் வாசித்த தோடி இசைத்தட்டில் ஏறியது, வானொலியில் ஒலித்தது. பாஷை தெரியாத ஊர்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது. சுதந்திரம் வந்த 1947 ஆகஸ்டில் டில்லியில் ஒலித்த மங்கல இசையும் அவருடைய நாயனம்தான்.

வாத்தியத்தையே மாற்றியவர் அவர். முன்பு இருந்தது திமிரி என்ற குட்டை நாயனம், சுருதி ஏறியது, தெருவில் ஊர்வலத்துக்கு ஏற்றது. ராஜரத்தினத்துக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி நீளமான பாரி நாயனத்தைச் சீர்செய்து கொடுத்தார். ஆச்சா மரத்தைக் கடைந்து, துளை போட்டு, ஸ்வரம் சரிபார்க்கிற தொழிலாளியின் கை அதில் இருக்கிறது. அந்த நரசிங்கம்பேட்டை நாயனத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மேடையில் வாசித்தவருக்குப் பேர் வந்தது. பட்டறையில் கடைந்தவருக்கு அங்கீகாரம் வர இத்தனை காலம் ஆயிற்று.

ராஜரத்தினம் கலையை மட்டும் உயர்த்தவில்லை. கலைஞனின் முதுகையும் நிமிர்த்தினார். அதற்கு முன் நாயனக்காரர் நிலை என்ன? பெரிய மனிதர் வீட்டில் சட்டை போடக் கூடாது. துண்டைத் தோளில் போடக் கூடாது. இடுப்பில் கட்ட வேண்டும். மற்ற வித்வான்களுக்கு மேடை, நாயனக்காரருக்குத் தெரு. மணிக்கணக்கில் நின்றும் நடந்தும் ஊத வேண்டும். ராஜரத்தினம் சட்டையும் கோட்டும் போட்டுக்கொண்டு வந்தார். மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்றார். "திமிர் பிடித்தவர்" என்று பேசினார்கள். தோழர்களே, உழைக்கிறவன் நிமிர்ந்தால் அதற்குத் திமிர் என்று பேர் வைப்பது புதிதா என்ன?

ஒரு துண்டின் கதை

சுயமரியாதை இயக்க நாட்களில் கானாடுகாத்தானில் ஒரு கல்யாண ஊர்வலம். நாயனம் வாசித்துக்கொண்டு போனவர் மதுரை சிவக்கொழுந்து. வியர்வை துடைக்கத் தோளில் ஒரு துண்டு போட்டிருந்தார். "துண்டை எடு" என்றார்கள் ஊர்ப் பெரியவர்கள். அருகிலிருந்த பட்டுக்கோட்டை அழகிரி, "எடுக்காதே, வாசி" என்றார். சிவக்கொழுந்து துண்டை எடுக்காமலே வாசித்தார்.

ஒரு முழத் துணி. அதற்கு என்ன விலை இருக்கும்? ஆனால் அந்தத் துணியில்தான் கூலிக்காரனா, கலைஞனா, மனிதனா என்ற கேள்வி தொங்கிக்கொண்டிருந்தது. ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், சின்ன மௌலானா விரும்பிக் கற்ற தஞ்சை நாயனம் வெறும் ராக விஷயம் அல்ல. துண்டுக்கும் சட்டைக்கும் உட்காரும் இடத்துக்கும் போராடி வந்த நாயனம் அது.

கற்கப் போனவர்

சின்ன மௌலானா ராஜரத்தினத்தை மானசீக குருவாக வைத்துக்கொண்டார். மனதில் வைத்தால் மட்டும் வித்தை வந்துவிடாது. நாச்சியார்கோவில் சகோதரர்கள் ராஜம், துரைக்கண்ணு ஆகியோரிடம் தஞ்சைப் பாணியை முறையாகக் கற்றார். எண்ணிப் பாருங்கள். சொந்த ஊரில் வித்வான் என்று பேர் எடுத்தவர், வேறொரு ஊரில் மறுபடியும் சீடனாக உட்காருகிறார். வேறு மொழி, வேறு மதம். தெரிந்ததைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துத் தெரியாததைக் கேட்டுக்கொள்கிற மனம் எளிதில் வராது. நாச்சியார்கோவிலிலும் "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டு அவரைத் திருப்பி அனுப்பவில்லை. கொடுக்கத் தெரிந்தவர்கள் கொடுத்தார்கள், வாங்கத் தெரிந்தவர் வாங்கிக்கொண்டார்.

பிறகு திருவரங்கத்தில் குடியேறினார். ரங்கநாதர் கோயில் ஊரில் ஓர் இசுலாமியக் குடும்பம் நாயனம் வாசித்துக்கொண்டு, வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டு வாழ்ந்தது. சாரதா நாகஸ்வர சங்கீத ஆசிரமம் என்று ஒரு பள்ளியை அவர் நிறுவினார். தம் மார்க்கத்தை அவர் விடவில்லை. ராமனைப் பற்றிய கீர்த்தனைகளை உருகி வாசிப்பதையும் விடவில்லை. இரண்டுக்கும் நடுவே அவருக்குச் சண்டை இருக்கவில்லை. சண்டை வேண்டும் என்பவர்கள் வேறு ஆட்கள்.

1977இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 1998இல் சென்னை மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதிப் பட்டம் கொடுத்தது. ராஜரத்தினத்துக்கு அந்தப் பட்டத்தைக் கடைசி வரை அந்தச் சபை கொடுக்கவில்லை. 1956 டிசம்பரில் அவர் அது இல்லாமலே காலமானார். அவரை மனதில் குருவாக வைத்துக் கற்ற தெலுங்கு இசுலாமியருக்கு 42 ஆண்டுகள் கழித்து அது கிடைத்தது. மறு ஆண்டு, 1999 ஏப்ரல் 13ஆம் தேதி, சின்ன மௌலானா திருவரங்கத்தில் காலமானார்.

அவரோடு அது முடியவில்லை. பேரப்பிள்ளைகள் காசிம், பாபு சகோதரர்கள் வாசிக்கிறார்கள். அவருடைய மாணவர்களான ஷேக் மகபூப் சுபானி, காலீஷாபி மகபூப் தம்பதிக்கு 2020ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ கிடைத்தது. அவர்களும் ஆந்திராவிலிருந்து போய்த் திருவரங்கத்தில் தங்கியவர்கள். தாய்மார்கள் கவனிக்க வேண்டும்: பெண்ணுக்கு மூச்சு தாங்காது என்று சொல்லப்பட்ட வாத்தியத்தைக் காலீஷாபி எடுத்து வாசித்துக் காட்டினார்.

ரயிலை வாசித்தவர்

இதே காலத்தில் உலகத்தின் மறுபக்கம் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். நான் ரயில்வேக்காரன். ரயிலை வாத்தியத்தில் வாசித்த ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். அதனால் கூடுதல் பாசம்.

திருவிழாக் கடைகளில் பிள்ளைகள் வாங்கி ஊதுகிறார்களே மவுத் ஆர்கன், அது ஜெர்மனியிலிருந்து கிளம்பியது. ட்ராசிங்கன் என்ற ஊரில் 1857இல் தொடங்கிய ஹோனர் கம்பெனி அதைக் குவியல் குவியலாகச் செய்து அமெரிக்காவுக்கு அனுப்பியது. விலை குறைவு, சட்டைப் பையில் அடங்கும். நம் நாயனத்தில் நாணல் சீவாளி அதிர்கிறது. அதற்குள் பித்தளை நாக்கு அதிர்கிறது. இரண்டுக்கும் உயிர் மனிதன் மூச்சுதான். பருத்திக் காட்டில் அடிமைகளாகக் கிடந்த கறுப்பு மக்களின் பிள்ளைகளும் பேரன்களும் தங்கள் துயரப் பாட்டை, புளூஸ் என்ற பாட்டை, அதில் வாசித்தார்கள். பிழைப்புத் தேடித் தெற்கிலிருந்து சிகாகோவுக்கு லட்சக்கணக்கில் ரயிலேறியபோது அந்த வாத்தியமும் கூடவே போயிற்று.

அவர்களில் ஆரம்ப காலத்துக் கலைஞர் டிஃபோர்ட் பெய்லி. 1899இல் டென்னசியில் பிறந்தவர். தாத்தா அடிமைத் தளையிலிருந்து விடுபட்டவர், நல்ல பிடில்காரர். மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கிப் படுக்கையில் கிடந்தார் பெய்லி. கையில் ஒரு மவுத் ஆர்கன். படுத்தபடியே நாய் குரைப்பதைக் கேட்டார், தூரத்தில் ரயில் போவதைக் கேட்டார். அவற்றையே வாசித்துப் பழகினார். ஆக, அவருக்குக் குருமார்கள் மூவர்: தாத்தாவின் பிடில், வீட்டு நாய், தண்டவாளத்து ரயில்.

பான் அமெரிக்கன் என்ற ரயில் நாஷ்வில் வழியாக ஓடும். அதன் விசிலையும் சக்கர ஓசையையும் அவர் அப்படியே வாசிப்பார். நாஷ்வில் வானொலியில் 1927இல் அவர் அதை வாசித்து முடித்ததும்தான், அந்த நிகழ்ச்சிக்குக் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்று அறிவிப்பாளர் பேர் வைத்தார். இன்றும் அந்தப் பேர் உலகப் புகழ். அந்த நிகழ்ச்சியின் முதல் நட்சத்திரங்களில் அவர் ஒருவர். ஆனால் வெளியூர்க் கச்சேரிக்குப் போனால், கூட வாசித்த வெள்ளைக்காரர்களுக்கு ஓட்டலில் அறை உண்டு, இவருக்கு இல்லை. 1941இல் பாட்டு உரிமை பற்றிக் கம்பெனிகளுக்குள் தகராறு. அதைச் சாக்காக வைத்து அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அதன் பிறகு அவர் நாஷ்வில்லில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுப் பிழைத்தார். 1982இல் காலமானார். நாட்டுப்புற இசைக்கான மண்டபத்தில் அவருக்கு இடம் கொடுத்தது 2005இல். செத்து 23 ஆண்டு கழித்து.

கானாடுகாத்தான் துண்டும் நாஷ்வில் ஓட்டல் அறையும் ஒரே சங்கதிதான் தோழர்களே. "உன் மூச்சு வேண்டும், நீ வேண்டாம்" என்று சொல்வது.

நம் வீட்டுக் கேள்வி

இப்போது நம்மிடம் வருகிறேன். வருகிற பொங்கல் விழாவுக்கு மேளம் வைப்பது பற்றிச் செயற்குழுவில் பேச்சு வந்தது. மூன்று கருத்துகள் சொன்னார்கள். சொன்னவர்கள் எல்லாரும் நம் தோழர்கள். யாரையும் குறை சொல்லவில்லை. கருத்தைத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

முதல் கருத்து: "இங்கே இருக்கும் மேளக்காரர்கள் தெலுங்கர்கள். தமிழர் விழாவுக்கு வேலூரிலிருந்து வரவழைப்போம்." சரி. அப்படியானால் திருவரங்கத்துக்காரர்கள் சின்ன மௌலானாவைப் பார்த்து, "நீ கரவடிக்கே போ" என்று சொல்லியிருக்க வேண்டும் அல்லவா? அவர்கள் சொல்லவில்லை. கல் அறுக்கும் பட்டறையிலும், பழக்கூழ் தொழிற்சாலையிலும், கட்டட வேலையிலும் நம்மை யாராவது "ஊருக்குப் போ" என்று சொன்னால் நம் ரத்தம் கொதிக்கிறது. நமக்குக் கேட்கிற நியாயத்தை அடுத்தவருக்கும் கொடுக்க வேண்டாமா?

அதற்காகத் தமிழை விட்டுவிடச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் படிக்க வேண்டும், எழுத வேண்டும். சின்ன மௌலானா தஞ்சைப் பாணி கற்றதனால் தெலுங்கை மறந்துவிடவில்லை. இன்னொருவரிடம் கற்றுக்கொள்வதால் சொந்தம் தேய்வதில்லை. பயந்து கதவைச் சாத்திக்கொள்வதால்தான் தேய்கிறது.

இரண்டாவது கருத்து: "அந்தக் குழுவில் நாயனம் வாசிப்பவர் இசுலாமியர். பொங்கலுக்கு எப்படி?" இதற்கு நான் பதில் சொல்ல வேண்டியதே இல்லை. திருவரங்கம் பதில் சொல்லிவிட்டது. காசியில் ஷெனாய் வாசித்த பிஸ்மில்லா கான் பதில் சொல்லிவிட்டார். அவருக்கு 2001இல் பாரத ரத்னா கொடுத்தது இந்த நாடு. கோயிலில் கேட்காத கேள்வியைத் தொழிலாளர் சங்கம் கேட்பதா?

மூன்றாவது கருத்து: "மேளமே எதற்கு? ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டால் செலவு மிச்சம்." இதுதான் மூன்றிலும் ஆபத்தானது என்பேன். எந்திரம் வந்தது, ஆள் வேண்டாம் என்று நம்மிடம் முதலாளி சொல்லும்போது என்ன சொல்கிறோம்? "இத்தனை வருஷம் உழைத்தவனை எங்கே போகச் சொல்கிறாய்?" என்று கேட்கிறோம். அதே கேள்வியை மேளக்காரர் நம்மைப் பார்த்துக் கேட்டால் எந்த முகத்தோடு நிற்போம்? முகூர்த்த மாதங்களில் நாலு காசு. மற்ற மாதங்களில் கூலி வேலை. இதுதான் சின்ன ஊர் மேளக்காரரின் வாழ்க்கை. நல்ல சீவாளி வாங்கவே யோசிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் வீட்டுக் கல்யாணங்களில் மேளக்காரர் எங்கே உட்காருகிறார்? செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில். ஜெனரேட்டர் புகைக்கு நடுவில். எப்போது சாப்பிடுகிறார்? கடைசிப் பந்தியில், சாம்பார் தீர்ந்து ரசம் மிச்சமிருக்கும் நேரத்தில். துண்டை எடு என்று இன்று யாரும் சொல்வதில்லை. ஆனால் இடத்தையும் இலையையும் வைத்து அதையே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே கூட்டத்தின் முன் ஐந்து கோரிக்கைகளை வைக்கிறேன்.

ஒன்று: பொங்கல் விழாவுக்கு உள்ளூர் மேளக்குழுவையே அழைப்பது. அவர் என்ன மொழி, என்ன மதம் என்ற கேள்வி இந்தச் சங்கத்தில் இனி எழக் கூடாது.

இரண்டு: சம்பளத்தை முன்கூட்டிப் பேசி முடித்து, பாதியை அச்சாரமாகக் கொடுப்பது. மீதியை அன்றே, அவர்கள் வண்டி ஏறும் முன் கொடுப்பது. நாளை வா என்று சொல்வது முதலாளிகளின் வழக்கம், நமக்கு வேண்டாம்.

மூன்று: மேடையில் ஜமுக்காளம் விரித்து உட்கார வைப்பது. தலைவர் பேச்சுக்கு முன் அரை மணி நேரமாவது முழுதாக வாசிக்க விடுவது. பேச்சாளர் வந்துவிட்டார் என்று ராகத்தை நடுவில் நிறுத்தச் சொல்லக் கூடாது. என் பேச்சாக இருந்தாலும் காத்திருக்கட்டும்.

நான்கு: முதல் பந்தியில் அவர்களுக்கு இலை.

ஐந்து: திருப்பதியில் தேவஸ்தானத்தின் நாதஸ்வர, டோலு பாடசாலை இருக்கிறது. 1959 முதல் இசைக் கல்லூரியும் இருக்கிறது. ஆசையுள்ள நம் பிள்ளைகளை அங்கே விசாரித்துச் சேர்க்க முயல்வது. ஆணானாலும் பெண்ணானாலும் சரி, எந்தச் சாதியானாலும் சரி. அங்கே இடம் கிடைக்காவிட்டால், அழைக்கிற மேளக்குழு பெரியவரிடமே ஞாயிற்றுக்கிழமைப் பாடம் கேட்போம். சம்பளத்தைச் சங்கம் கட்டட்டும்.

நாம் இந்த ஊருக்கு வெறுங்கையோடு வரவில்லை, கைத்தொழிலோடு வந்தோம். இங்கே இருப்பவர்களும் வெறுங்கையோடு இல்லை. கொடுக்கவும் வாங்கவும் தெரிந்தவர்களாக இருந்தால் இந்த ஊர் நமக்கும் ஊர்தான். கரவடிக்காரருக்குத் திருவரங்கம் அப்படித்தான் ஊரானது.

தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள். பிள்ளைகளும் தூக்கலாம், நாயனம் கற்கப் போவது அவர்கள்தானே.